இண்டியானாபொலிஸா, சான் அன்டோனியோவா

மார்ச் 3
வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கணும், ஆனா இங்க கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்ல நம்மால முடியாது. அந்தப் பேச்சு முடிஞ்சுது. வெளி ஸ்டேட்தான்.

மார்ச் 5
சான் அன்டோனியோ வீடு போட்டோல அம்சமா இருக்கு. டெக்சாஸ்ல இன்கம் டாக்ஸ் கிடையாதுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க, ஆனா நான் குடியிருக்கிறது கலிஃபோர்னியால, வாடகை எந்த ஊர்லேர்ந்து வந்தாலும் இங்க கணக்கு காட்டணும், அப்புறம் எனக்கு அதுல என்ன இருக்கு? பிராப்பர்ட்டி டாக்ஸ் வேற அங்க 2 சதவீதத்த ஒட்டி வருது. விற்பனை லிஸ்டிங்ல போட்டிருக்கிற டாக்ஸ், இப்ப குடியிருக்கிறவங்க ஹோம்ஸ்டெட் சலுகையோட, அதாவது சொந்த வீட்டுல குடியிருக்கிறவங்களுக்கான வரிச் சலுகையோட, கட்டுறது, வாடகைக்கு விட்டா அந்தச் சலுகை போயிடும். அதக் கூட்டிப் பாத்தா மாசக் கடைசில கையில ஒண்ணும் நிக்கல.

மார்ச் 6
சான் அன்டோனியோ வீட்டு இன்ஷூரன்ஸ்ல ஆலங்கட்டி மழைக்கு டிடக்டபிள், அதாவது சேதத்துல மொதல்ல நம்ம கைலேர்ந்து போடுற பங்கு, தனியாம், அதுவும் இன்ஷூர் பண்ற தொகைல இத்தன சதவீதம்னு. தூக்கம் வரல.

மார்ச் 9
இண்டியானாபொலிஸ் இருக்கிற இண்டியானா ஸ்டேட்ல வாடகை வீட்டுக்கு பிராப்பர்ட்டி டாக்ஸ், வீட்டு மதிப்புல 2 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு 2010ல ஓட்டுப் போட்டு அரசியலமைப்புலயே சேத்துட்டாங்க. பள்ளிக்கூடத்துக்குன்னு மக்கள் ஓட்டுப் போட்டு ஏத்துனா அது மட்டும் தனி. எனக்கு இதான் வேணும், நாளைக்கு எவ்ளோ வரும்னு தெரிஞ்சா போதும்.

மார்ச் 10
அம்மா போன்ல, “ஊர்லயே ஒரு கிரவுண்டு வாங்கிப் போடேன்டா.” பதில் சொல்லல.

மார்ச் 14
இண்டியானாபொலிஸ்ல ஒரு வீடு பாத்து வச்சேன். கூகிள் மேப் ஸ்ட்ரீட் வியூல பாத்தா அதுக்குப் பக்கத்து வீட்டு ஜன்னல் எல்லாம் பிளைவுட் அடிச்சிருக்கு. பழைய வருஷப் படத்துல அதே வீட்டு வாசல்ல குழந்த சைக்கிள் நிக்குது. என்ன ஆச்சு அவங்களுக்கு? ஏஜென்ட் அனுப்பின எந்தப் போட்டோலயும் அந்தப் பக்கமே தெரியல. இவ சொல்றா, “25 சதவீதம் டவுன் பேமென்ட் போடப் போறீங்க, நேர்ல ஒரு தடவ போய் நின்னு பாத்துட்டு வாங்களேன்.”

மார்ச் 17
இவ்ளோ பாத்தும் ஆஃபர் போட்டேன். ஒத்துக்கிட்டாங்க.

மார்ச் 21
வீடு 1950கள்ல கட்டுனது, கழிவுநீர் பைப் மண்குழாய். கேமரா விட்டு எடுத்த வீடியோ வந்துச்சு. இணைப்பு இணைப்பா மரவேர் உள்ள எறங்கி சடையாட்டம் தொங்குது, ஒரு எடத்துல தண்ணி தேங்கி கேமராவே முங்கிடுச்சு. திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்குறேன். ரோடு வரைக்கும் மாத்தணும்னா தோண்டணும், அது வீட்டுக்காரன் செலவு, முனிசிபாலிட்டி வராது. அந்தப் பிளைவுட் வீட்டுலயும் இதே பைப்பாத்தான் இருக்கும்.

மார்ச் 22
ஃப்ளைட் டிக்கெட் போட்டாச்சு.

மார்ச் 23
பைப்புக்கு வெல கொறைக்க மாட்டாங்களாம். வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லணும்.