ஐந்து நிமிட வீடியோ

குழந்தைகள் காப்பகத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எனக்குப் போய்க் குழந்தையிடம் பழகப் பயிற்சியா என்ற எரிச்சலோடுதான் முதல் வகுப்பில் உட்கார்ந்தேன். பயிற்சியாளர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். அது வேறு.

முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் பாடம். எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் 1970-களில் வகுத்த சோதனையைக் காட்டிய வீடியோ மட்டும் மனதைவிட்டு அகலவில்லை. கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தைக் கல்லாக்கிக்கொள்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, கத்துகிறது. எதுவும் பலிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறது. வருகைப் பதிவேட்டில் கண்ணை வைத்தபடி நான் பால்புட்டியைப் பிடித்திருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

மூன்றாவது வாரம் என் முறை. ஒன்றேகால் வயதுப் பையன் ஒருவனுக்கு நான் ஊட்டுவதை, பெற்றோரின் சம்மதத்தோடு, ஐந்து நிமிடம் படம் பிடித்தார்கள். திரையில் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. அவன் முகத்தைத் திருப்புகிறான், கரண்டி துரத்துகிறது. ஜன்னலைக் காட்டி "ஊ" என்கிறான். நான் "ஆ காட்டு" என்கிறேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். பயிற்சியாளர் ஒரே ஓர் இடத்தில்தான் படத்தை நிறுத்தினார். வாய் துடைக்கும்போது அவன் துணியைப் பிடித்து இழுக்க, நானும் சிரித்துவிட்ட இடம். "அக்கா, இங்கே என்ன செய்தீர்கள்?" நான்கு முறை ஓட்டிக் காட்டினார். நான் ஒன்றும் செய்யவில்லை, சும்மா இருந்தேன். அதுதான் விஷயமாம்.

எட்டுக் குழந்தைகளை வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று சண்டைக்குப் போனேன். 1946-இல் புடாபெஸ்டில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மருத்துவர் எம்மி பிக்லரைப் பற்றிச் சொன்னார்கள். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது ஆகிய வேலைகளையே அந்தந்தக் குழந்தைக்கு மட்டுமான நேரமாக அவர் ஆக்கினாராம். தனி நேரம் தேட வேண்டியதில்லை. எனக்கு அரைமனதுதான், ஒரு குழந்தையைத் தூக்கினால் இன்னொன்று அழும் என்பது அங்கே இருப்பவருக்குத்தான் தெரியும்.

வீட்டுப்பாடம்: கரண்டியை நீட்டுமுன் மனதுக்குள் ஐந்து வரை எண்ண வேண்டும். முதல் நாள் இரண்டைத் தாண்டவில்லை, கை தானாகப் போய்விட்டது. நான்காம் நாள் எண்ணிக்கொண்டிருந்தபோது, அவன் கிண்ணத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என் கையிலிருந்த கரண்டியைத் தள்ளி என் வாயருகே கொண்டுவந்து "ஆ" என்றான்.

நான் வாயைத் திறந்தேன்.