இருட்டுத் திரைக்குள் படம் இருந்தது

மூன்று நாளாக மானிட்டர் ஆன் செய்தால் இரண்டு நொடி வெளிச்சம், உடனே கும்மிருட்டு. பவர் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

நேற்று இரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பார்த்தேன். ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தன! பேனல் நன்றாகத்தான் இருக்கிறது, போனது அதன் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட். அப்போது வந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

இது எல்இடிக்கு முந்தைய குழல்விளக்கு வகை. அந்தக் குழல்களுக்குப் பல நூறு வோல்ட் கொடுக்கும், மானிட்டருக்குள்ளேயே இருக்கும் இன்வெர்ட்டர் சர்க்யூட், எங்காவது கோளாறு என்றால் தானாகவே நிறுத்திக்கொள்ளும். அதுதான் அந்த இரண்டு நொடிக் கணக்கு. கழற்றினால், பவர் போர்டில் மின்னூட்டத்தைச் சேமிக்கும் இரண்டு கெபாசிட்டர்கள் தலை உப்பி நின்றன. 25 வோல்ட், 1000 மைக்ரோஃபாரட். அதே அளவில், 105 டிகிரி தாங்கும் லோ இஎஸ்ஆர் (உள்மின்தடை குறைந்த) வகை வாங்கி, பிளஸ் மைனஸ் மாறாமல் சால்டர் செய்தேன்.

செய்யப்போகிறவர்களுக்கு ஒன்று: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மல்டிமீட்டரில் அது இறங்கிவிட்டதைப் பார்க்காமல் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

இந்தப் பதிவை அந்தத் திரையில்தான் எழுதுகிறேன். நான்கு மணி நேரமாக அணையவே இல்லை.