பட்டை அறுந்தது தாடையில்: ஓர் இழுவைச் சோதனைக்காக மூன்று முறை மலையிறங்கினேன்

சோதனைக்கூடத்தில் கையில் கொடுத்த ரிப்போர்ட்டில், பட்டை அறுந்த பாரம் சராசரி 930 கிலோ என்று அச்சாகியிருந்தது. ரோல் விற்ற வியாபாரி 1,500 கிலோ தாங்கும் என்று எழுதிக் கொடுத்த பட்டை அது. எங்களுக்குத் தேவைப்பட்டதோ 1,050. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கோத்தகிரி பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் அந்தத் தாளை நான்கு முறை படித்தேன். பட்டைதான் மோசம் என்று நம்பிவிட்டேன். மறுநாள் காலையிலேயே வியாபாரியிடம் போனில் சண்டை போட்டேன். அவர் பேரில் ஒரு தப்பும் இல்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நம்மைப் போலச் சின்னப் பட்டறை நடத்துகிற இன்னொருவர் இதே குழியில் விழக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கோத்தகிரியில் ஐந்து தையல் மெஷின் போட்டு, டீ ஃபேக்டரிகளுக்குக் கொழுந்துப் பையும் அதைத் தூக்குகிற பட்டையும் தைத்துக் கொடுக்கிறோம். பட்டை என்பது இரண்டு அங்குல பாலியஸ்டர் பெல்ட், இரண்டு முனையிலும் வளையம் போட்டுத் தைத்தது. பைகளைச் சேர்த்துக் கட்டி, ஹாயிஸ்ட்டில் மாடிக்கு, இலை வாட்டுகிற தளத்துக்கு ஏற்றுவார்கள். ஒரு தடவைக்கு அதிகம் போனால் 150 கிலோ. துணிப் பட்டையில் பாரம் தூக்கினால் ஏழு மடங்கு தாங்க வேண்டும் என்பது கணக்கு. அதுதான் 1,050. குன்னூர்ப் பக்கத்து ஃபேக்டரி ஒன்று, என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள சோதனைக்கூடத்தின் ரிப்போர்ட் இருந்தால்தான் ஆர்டர் என்றது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. பாரம் மேலே போகும்போது கீழே பெண்கள் நின்று வேலை செய்கிறார்கள்.

முதல் கூடத்துக்குப் போன் செய்தபோது, “அஞ்சு பீஸ் கொண்டு வாங்க மேடம், ஒரு அடி நீளம் போதும்” என்றார்கள். கொண்டு போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கவும் விட்டார்கள். இழுக்கும் மெஷினில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு தாடைகள். உள்பக்கம் அரம் போலச் சொரசொரப்பு. பட்டையை நடுவில் வைத்துக் கைப்பிடியைத் திருகி இறுக்கினார் அங்கிருந்த தம்பி. முதல் துண்டு 600 கிலோவைத் தாண்டியதும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அப்புறம் கைப்பிடியில் ஒரு பைப்பைச் செருகி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இறுக்கினார். அடுத்த நான்கும் அறுந்தன. “பிரேக் ஆயிடுச்சு மேடம், ரிசல்ட் வந்துடுச்சு.” நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்றைக்குச் செய்த ஒரே நல்ல காரியம், அறுந்த துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தது. நீங்களும் கட்டாயம் வாங்குங்கள். “டிஸ்போஸ் பண்ணிடுவோம்” என்பார்கள். விடாதீர்கள், காசு கொடுத்தவருக்குச் சொந்தமான துண்டுகள் அவை.

நான்கு நாள் கழித்து, வெயிலில் வைத்து அவற்றைப் பார்த்தேன். பட்டையின் மேல் தாடைப் பல்லின் தடம் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. அந்தத் தடம் எங்கே முடிகிறதோ அதே கோட்டில், கத்தரி வைத்தது போல நேராக அறுந்திருந்தது. நான்கிலும் அப்படியே. நடுப்பகுதியில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. பட்டை இழுபட்டு அறவில்லை, பல் கடித்து அறுந்திருக்கிறது. அந்த 930 பட்டையின் பலமே இல்லை.

இப்படி அறுவதற்குத் ‘தாடை அறுப்பு’, அதாவது ஜா பிரேக் என்று பெயரே உண்டு. துணிகளுக்கான ஐஎஸ்ஓ 13934-1 சோதனை முறையில், தாடை விளிம்பிலிருந்து 5 மி.மீ.-க்குள் அறுந்தால் அதைத் தாடை அறுப்பு என்று குறித்தாக வேண்டும். என் ரிப்போர்ட்டில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. இது இன்னமும் எனக்கு ஆறவில்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் வியாபாரியைத் திட்டியிருக்க மாட்டேன்.

ஏன் இப்படி ஆகிறது என்று பிறகு ஓர் இன்ஜினியரிங் காலேஜ் ஆய்வகத்தில் இருக்கும் உறவுக்காரப் பையன் விளக்கினான். “சித்தி, இழுக்க இழுக்கப் பட்டை மெலியும். கையால திருகுற தாடை இருந்த இடத்துலயே நிக்கும். அதனால பிடி தளர்ந்து வழுக்கும். வழுக்குதேன்னு முதல்லயே ஓவரா இறுக்கினா, இழுக்குறதுக்கு முன்னாடியே நூல் நசுங்கிடும்.” காற்றழுத்தத்தில் பிடிக்கும் தாடை, பட்டை மெலிந்தாலும் ஒரே அழுத்தத்தில் கூடவே நகர்ந்து கடிக்கும். ஆப்பு வடிவத் தாடையோ இழுக்க இழுக்கத் தானாகவே இறுகும். இரும்புத் தகட்டுக்கு அது அருமை. கனமான நெசவுப் பட்டைக்கு, பல் விளிம்பில் வெட்டு விழும் ஆபத்து அதிலும் உண்டு.

சரி, அப்படியானால் பட்டையை எதால்தான் பிடிப்பது? இதற்கு விடையைத் தினமும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். எங்கள் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தின் பெரிய கிளைகளைக் கழிக்கும்போது, வெட்டிய கிளை தொப்பென்று விழுந்து செடியை நசுக்காமல் இருக்கக் கயிறு கட்டி இறக்குவார்கள். கயிற்றைப் பக்கத்து மரத்தில் இரண்டு சுற்று சுற்றி, கடைசி முனையை ஒரே ஓர் ஆள் பிடித்திருப்பார். அத்தனை பாரத்தையும் அவர் ஒற்றைக் கையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். கடிப்பது ஒன்றுமில்லை, சுற்றின் உராய்வுதான் பாரத்தைத் தின்கிறது. அதே வேலையைச் செய்யும் பிடி சோதனை மெஷினுக்கும் இருக்கிறது. கேப்ஸ்டன் கிரிப் என்பார்கள், சில இடத்தில் பொல்லார்டு கிரிப். வழவழப்பான உருளையில் பட்டையைச் சுற்றி, வால் முனையை மட்டும் லேசாகக் கவ்வ வேண்டும். கயிறு, கம்பி, நூல், பட்டை எல்லாவற்றுக்கும் இதுதான் தோது. உராய்வுக் குணகம் 0.25 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்று முடியும்போது இழுவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். இரண்டாவது சுற்று முடிந்தால் இருபத்து மூன்றில் ஒரு பங்கு. 1,500 கிலோ இழுத்தாலும் வால் முனைக்கு வருவது 65 கிலோதான். அங்கே பட்டை அறாது.

கணக்கில் நம்பிக்கை வந்தாலும் கண்ணால் பார்க்க வேண்டும் என்றிருந்தது. தெரிந்தவரின் லாரிப் பட்டறையில் தரையில் பதித்த கொக்கி இருக்கிறது. அவரிடமே இரண்டு டன் செயின் பிளாக்கும் (கையால் சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி), பழைய இரும்பு வியாபாரத்தில் இருப்பவரிடம் டிஜிட்டல் தொங்கு தராசும் கடன் வாங்கினோம். கனத்த இரண்டு இரும்பு உருளைகளில் பட்டையைச் சுற்றி இழுத்தோம். பட்டையின் மேல் ஈரச் சாக்குகளைப் போட்டு, எல்லோரும் சுவருக்குப் பின்னால் நின்றோம். அறுந்தால் உருளை எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது, இதை யாரும் லேசாக எடுத்துச் செய்துவிடாதீர்கள். தராசில் 1,200 வந்ததும் நிறுத்திவிட்டோம். பட்டை அப்படியே இருந்தது. முகாரி பாடிக்கொண்டிருந்த பட்டறை அன்றைக்குத்தான் சிரித்தது.

இரண்டாவது பயணம் வேறொரு கூடத்துக்கு. இந்த முறை தெளிவாகக் கேட்டேன், “கேப்ஸ்டன் கிரிப் இருக்கா சார்?” “இருக்கும்மா, வாங்க.” பட்டையை எவ்வளவு நீளம் வெட்டுவது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு அடி வெட்டிக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்தவர் பார்சலைப் பிரிக்காமலேயே, “இது பத்தாது” என்றார். கணக்குப் போட்டால் அவர் சொன்னது சரி. உருளை 100 மி.மீ. விட்டம் என்றால் ஒரு சுற்றுக்கு 314 மி.மீ. மேலும் கீழும் ஒன்றரைச் சுற்று வீதம் 940 மி.மீ. போய்விடும். நடுவில் 250, இரண்டு வாலுக்கும் சேர்த்து 200. ஆக ஏறக்குறைய 1.4 மீட்டர். தாடைக்கு ஒரு அடி போதும், உருளைக்கு ஐந்தடி வேண்டும். போனில் ஒரு நிமிடம் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும்.

நீளம் மட்டும் என்றால் பரவாயில்லை. விண்ணப்பக் கடிதத்தில் பட்டறையின் சீல் இல்லை. “சீல் இல்லாம என்ட்ரி போட முடியாது.” வேறு பட்டை வாங்கி வந்து கொடுக்கிறேன், கடிதத்தை அப்புறம் அனுப்புகிறேன் என்று கெஞ்சியும் பார்த்தேன். அவர் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. திரும்பும்போது குஞ்சப்பனைக்கு மேலே மழைக்கு மரம் விழுந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தோம். மடியில் அந்த இரண்டடித் துண்டுகள். அழுகையே வந்துவிட்டது.

மூன்றாவது முறை 1.6 மீட்டரில் எட்டுத் துண்டு, வளையம் தைத்த முழுப் பட்டை ஐந்து, சீல் போட்ட கடிதம் இரண்டு பிரதி. துணி வகை என்பதால் 65 சதவீத ஈரப்பதம் வைத்த அறையில் ஒரு நாள் போட்டு வைப்பார்கள் என்று இந்த முறை கேட்டுத் தெரிந்துகொண்டு, கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் தங்கினேன். பாலியஸ்டர் ஈரத்தை உறிஞ்சுவது அரை சதவீதம்கூட இல்லை, ஆனாலும் விதி விதிதான். நைலான் பட்டையோ நைலான் நூலோ வைத்திருப்பவர்கள் இதை அலட்சியம் செய்ய வேண்டாம். நைலான் நனைந்தால் பலம் குறையும், நம் ஊர் மூட்டத்தில் அது காய்வதும் இல்லை.

மெஷினில் இருந்த பெரியவர் வேலை தெரிந்தவர். பட்டையை உருளையில் போடும்போது ஓரம் ஓரத்தின் மேலேயே விழுகிறதா என்று சுற்றுக்குச் சுற்று பார்த்தார். கோணலாக விழுந்தால் ஒரு பக்கத்து விளிம்பு மட்டும் பாரம் வாங்கி அங்கிருந்து கிழியத் தொடங்கும் என்றார். அப்புறம் பால்பாயின்ட் பேனாவால் நடுவில் 200 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டார். “உருளையில சுத்தியிருக்கிற பட்டையும் சேர்ந்து நீளும்மா. மெஷின் நகர்ந்த தூரத்தை நீட்சின்னு எழுதினா பொய்யாயிடும். இந்தக் கோட்டை வெச்சுத்தான் பார்க்கணும்.” ஃபேக்டரி கேட்ட படிவத்தில் நீட்சிக்கும் ஒரு கட்டம் இருந்தது. கோடு போடாத கூடத்தில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்களோ, நினைத்தாலே பயமாக இருக்கிறது.

முதல் துண்டு அறுந்த சத்தத்தில் துள்ளிவிட்டேன். நட்ட நடுவில், இரண்டு கோட்டுக்கும் இடையில் அறுந்திருந்தது. நேர்க்கோடு இல்லை. சோளக் கதிரின் குஞ்சம் போல நூல் நூலாகப் பிரிந்து, சில நுனிகள் உருகிக் கெட்டியாகியிருந்தன. தொட்டால் சூடு. 1,462, 1,498, 1,511, 1,487, 1,530. சராசரி 1,498.

வளையப் பட்டைக்குத் தாடையும் வேண்டாம், உருளையும் வேண்டாம். இரண்டு வளையத்திலும் ‘பின்’ எனும் இரும்புத் தண்டைக் கோத்து இழுத்தால் போதும். அதிலும் ஒரு சிக்கல் வரப் பார்த்தது. உதவிக்கு நின்றவர் விரல் கனத்தில் ஒரு பின்னை எடுத்து வந்தார். அதில் இரண்டு அங்குலப் பட்டை ஒதுங்கிச் சுருண்டு நின்றது. ஃபேக்டரி ஹாயிஸ்ட் கொக்கியின் கனம் 30 மி.மீ. என்று அளந்து எழுதி வைத்திருந்தேன். அதைக் காட்டி, அந்தக் கனத்தில்தான் இழுக்க வேண்டும் என்று நின்றேன். பெரியவர் பேசாமல் அலமாரியைத் திறந்து 30 மி.மீ. பின்னை எடுத்துக் கொடுத்தார். தையலில்தான் விட்டது, சராசரி 1,240. தேவைக்கு மேலேயே இருக்கிறது. என் பெண்கள் போட்ட தையல் அது.

போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். கூடத்தின் அங்கீகாரப் பட்டியலில் சோதனையின் பெயரும் அளவு வரம்பும் இருக்கும், பிடி எது என்று தேடினால் கிடைக்காது. போனில்தான் கேட்க வேண்டும், அதுவும் கவுன்டரில் இருப்பவரிடம் இல்லாமல் மெஷினில் வேலை செய்பவரிடம். அப்புறம், எந்தப் பிடியில் மாட்டினார்கள், எங்கே அறுந்தது, இந்த இரண்டையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லிக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்டேன், எழுதிக் கொடுத்தார்கள்: “கேப்ஸ்டன் கிரிப், ஐந்தும் இடைப்பகுதியில் அறுந்தன.”

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக வியாபாரிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அந்த ரிப்போர்ட்டில் ஒரு காப்பி மட்டும் அனுப்ப முடியுமா என்று கேட்டார். வேறு ஊர்களிலிருந்தும் 900, 950 என்று புகார் வந்துகொண்டே இருக்கிறதாம்.