யீஷூன் வீட்டில் ஒரு கறுப்பு யானை

பியானோ வாங்க நினைத்தது பிள்ளைகளுக்கு அல்ல, எனக்குத்தான். ஐம்பத்திரண்டு வயதில் பேபி கிராண்ட், அதாவது கம்பிகள் படுக்கையாக இருக்கும் கிராண்ட் பியானோவில் சிறியது. கையில் இருந்தது 8,000 சிங்கப்பூர் வெள்ளி. "அந்தக் காசுக்குப் பேத்திக்கு நகை எடுக்கலாமே" என்றார் அம்மா.

முதலில் பார்த்த பியானோ கண்ணாடிபோல மின்னியது. கூட வந்த சுருதி சேர்ப்பவர் மூடியை உயர்த்தி உள்ளே கைவிளக்கை அடித்தார். தடித்த கம்பிகளின் செப்புச் சுற்றில் பச்சைக் களிம்பு. கம்பியை இழுத்துப் பிடிக்கும் முறுக்காணி ஒன்றில் சுருதிச் சாவியை மாட்டித் திருப்பினார். வெண்ணெயில் செருகிய குச்சிபோலச் சுழன்றது. ஆணியைப் பிடிக்கும் மரமே தளர்ந்துவிட்டதாம், சுருதி நிற்காதாம். கடைக்காரரோ அதுவரை மினுமினுப்பையே காட்டிக்கொண்டிருந்தார்!

கடைசியில் வாங்கியது பழைய யமஹா ஜிபி1கே. நீளம் 151 செ.மீ., எடை 261 கிலோ. கம்பி குட்டை என்பதால் கீழ்ச் சுரங்கள் சற்றுக் குழறும். கம்பிகள் செங்குத்தாக நிற்கும் அப்ரைட் பியானோவில் உயரமான நல்லது ஒன்று இதைவிட ஆழமாகவே ஒலிக்கும். ஆனால் கிராண்டில், அழுத்திய விசைக்கட்டை முழுதாக மேலே வருமுன்பே அதே சுரத்தை மறுபடி தட்டலாம். அந்தச் சுகத்தில் விழுந்துவிட்டேன்.

கால்களைக் கழற்றி, பக்கவாட்டில் நிமிர்த்தி, போர்வை சுற்றி மின்தூக்கியில் ஏற்றினார்கள்.

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதையாக, ஈரம் உறிஞ்சும் கருவிக்கு நான் பேரம் பேசினேன். நம் ஊர் ஈரக் காற்றில் பியானோவின் மரம் ஊதிவிடும். அந்தக் கருவி இரவெல்லாம் ஓடுகிறது. காலையில் சேரும் தண்ணீரை அம்மா கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றுகிறார்.