யார் சுட்டது?

நான் படத்தொகுப்பு செய்த ஒரு படத்தின் டப்பிங் அறையில், அதில் நடித்த ஒருவர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: “யார் சுட்டது?” படம் வெளியாகி, தொலைக்காட்சியிலும் பலமுறை ஓடிய பிறகும், அதற்கு நான் சொன்ன பதில் சரிதானா என்று எனக்குள் வாதாடிக்கொண்டே இருக்கிறேன்.

திரைக்கதையில் அவருக்குச் சாவு கிடையாது. பெரிய வில்லனின் டிரைவர். படம் முழுக்கக் கார் ஓட்டிக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டு, இரண்டு மூன்று இடங்களில் ஆட்களை மிரட்டிவிட்டுப் போகும் வேடம். கிடங்குச் சண்டையில் அடிபட்டு விழுபவர், வில்லன் ஒழிந்த பிறகு கோர்ட்டில் அப்ரூவராக நின்று, தான் ஓட்டிய வண்டியில் யார் யாருடைய பிணங்கள் போயின, அவர்களைக் கொன்றது யார் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்வார். அவருக்கென்று இருந்த ஒரே நீண்ட வசனம் அதுதான். மேடை நாடகத்திலிருந்து வந்தவர். ஒரே டேக்கில், எங்கே மூச்சு வாங்கினார் என்றே தெரியாதபடி பேசியிருந்தார். இந்தப் படத்தில் இதைவிட நல்ல நடிப்பு வேறெங்கும் இல்லை என்று ரஷ்ஷை, அதாவது வெட்டாத காட்சிப்பதிவை, பார்த்துவிட்டு நானே இயக்குநரிடம் சொன்னேன்.

ஆனால் வில்லன் செத்ததும் பார்ப்பவர்களுக்குப் படம் முடிந்துவிடுகிறது. வெளியாட்கள் சிலரை அழைத்துப் போட்டுக் காட்டியபோது, கோர்ட் காட்சி முழுவதும் நாற்காலி நகரும் சத்தத்திலும் செல்போன் வெளிச்சத்திலுமே கழிந்தது. காட்சியைத் தூக்கினோம். தூக்கிய படத்தைப் பார்த்தவர்கள், “அந்த டிரைவர் என்ன ஆனான்?” என்று கேட்டார்கள். புதிதாக எடுக்க நாளும் இல்லை, பணமும் இல்லை. இயக்குநர் என்னைப் பார்த்தார். “கிடங்குலயே முடிச்சிரலாம் சார்” என்று சொன்னது நான்தான்.

அதற்கு வழியும் இருந்தது. சண்டைக் காட்சியின் ஒரு டேக்கில், அவர் விழுந்த பிறகும் கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அடுத்த ஷாட்டுக்குக் கூப்பிடுவார்கள் என்று அவர் கண்ணை மூடித் தரையிலேயே படுத்திருக்கிறார். முகத்தில் நடிப்பு எதுவும் இல்லை, களைப்பு மட்டும்தான். கண் மூடியதிலிருந்து எண்ணினால் 31-ஆவது ஃபிரேமில் மூச்சை இழுக்கிறார். சட்டையின் மூன்றாவது பொத்தான் மேலே எழுகிறது. அதற்கு முந்தைய ஃபிரேமில் வெட்டினேன். நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் ஒன்றேகால் நொடி. அதற்கு முன்னால், கிடங்கின் இரும்பு ஷட்டரை வெளியிலிருந்து காட்டும் ஷாட் ஒன்றை வைத்து, அதன் மேல் ஒரு துப்பாக்கிச் சத்தத்தைப் போட்டேன். டிரைவர் செத்துவிட்டார்.

இது படத்தொகுப்பின் இயல்பான வேலை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நூறாண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் இயக்குநர் லெவ் குலஷோவ், ஒரு நடிகரின் ஒரே முகத்தைச் சூப் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி இணைத்து, பசியும் துக்கமும் பார்ப்பவர் மனத்தில்தான் பிறக்கின்றன என்று காட்டினார். ஒரு வெட்டுக்கு ஆறு அளவுகோல்களை வகுத்த அமெரிக்கப் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச், உணர்ச்சிக்கு 51 விழுக்காடு தந்தார். கதைக்குத் தந்தது 23 மட்டுமே. மாற்றிய படத்தைப் போட்டுக் காட்டியபோது அந்த ஒன்றேகால் நொடியில் அரங்கமே அடங்கியது. கோர்ட்டில் அத்தனை பேசியும் கிடைக்காத இரக்கம், பேசாமல் படுத்திருந்தவருக்குக் கிடைத்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

அவர் டப்பிங்குக்கு வந்த அன்று, ரீலில் ஒரு திருத்தம் கொடுப்பதற்காக நானும் அங்கே போயிருந்தேன். கோர்ட் வசனத்தைத் தாளில் எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். கிடங்கு ரீல் ஓடியது. ஷட்டர், சத்தம், அவருடைய முகம். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர், “அண்ணே, அந்த இடத்துல ஒரு முனகல் மட்டும் வேணும்” என்றார். அவர் மைக்கை விட்டுத் திரும்பி, “நான் இங்கயே செத்துர்றேனா தம்பி?” என்று என்னிடம் கேட்டார். “ஆமாண்ணே, கோர்ட் சீன் லென்த்துல போயிருச்சு” என்றேன். சற்று நேரம் திரையையே பார்த்தார். பிறகுதான், “யார் சுட்டது?” என்றார். “அது படத்துல காட்டலண்ணே.” தலையை ஆட்டிவிட்டு மைக்குக்குத் திரும்பினார். முனகலும் ஒரே டேக்கில் முடிந்தது.

அது நடிகராகக் கேட்ட கேள்வி என்று சில சமயம் சமாதானம் செய்துகொள்கிறேன். சுட்டது முதலாளி என்றால் முனகலில் நம்பிக்கை உடைந்த வலி இருக்க வேண்டும். போலீஸ் என்றால் பயம் இருக்க வேண்டும். நாடகக்காரருக்கு அது தெரியாமல் வாயைத் திறக்க வராது. ஆனால் அதற்காகத்தான் கேட்டார் என்று என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. யாரை யார் கொன்றார் என்று பெயர் சொல்லும் ஒரே காட்சியை நீக்கிவிட்டு, அதைச் சொல்ல வேண்டியவரையே யார் கொன்றதென்று தெரியாத பிணமாக்கினோம். படத்தில் இதை யாரும் கவனிக்கவில்லை, விமர்சனங்களிலும் வரவில்லை. கவனித்தவர் அவர் ஒருவர்தான்.

முடிவுகள் இப்படி மாறுவது வழக்கம்தானே என்று நண்பர்கள் சொல்வார்கள். 1982-இல் வந்த ‘ஃபர்ஸ்ட் ப்ளட்’ படத்தில் ராம்போ சாவதாகவும் பிழைப்பதாகவும் எடுத்து, வெளியீட்டுக்கு முன் போட்டுக் காட்டியபோது பார்த்தவர்களுக்குச் சாவு பிடிக்காததால் பிழைக்கவிட்டார்கள். உண்மைதான். ஆனால் அங்கே அந்தச் சாவை ஸ்டாலோன் நடித்துக் கொடுத்திருந்தார். இவர் எந்தச் சாவையும் நடிக்கவில்லை, இளைப்பாறிக்கொண்டிருந்தார்.

வேறு பதில் சொல்லியிருக்கலாமா என்று பலமுறை யோசித்துவிட்டேன். கதாநாயகன் சுட்டதாக வைத்தால், விழுந்து கிடப்பவனைக் கொன்றவன் என்ற பழி அவன் மேல் விழும். பிறகு வருகிற வெற்றிக்கு மக்கள் கைதட்ட மாட்டார்கள். போலீஸ் என்றால் அது என்கவுன்ட்டர். அதன் பின் ஒரு விசாரணைக் காட்சியாவது வேண்டும். முதலாளி என்றால், அந்த நேரத்தில் அவர் துறைமுகத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருப்பதை முந்தைய ரீலிலேயே காட்டிவிட்டோம். யார் பெயரைச் சொன்னாலும் இன்னொரு காட்சி எடுத்தாக வேண்டும். எடுத்து வைத்திருந்தவற்றில் அப்படி ஒரு காட்சி இல்லை.