பாத்தாங் தோரு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 6, 2024, சிப்பிரோக்

மேடானில் விடியலில் கிளம்பிய வண்டி, தோபா ஏரிப் பக்கமாக மலையேறி இறங்கி, இருட்டிய பிறகே வட சுமத்ராவின் இந்தச் சிற்றூரை வந்தடைந்தது. இடுப்பு ஒடிந்துவிட்டது. தபனூலி ஒராங்குட்டான் இந்தப் பாத்தாங் தோரு காட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. மொத்தமே 800க்கும் குறைவு. பெரிய மனிதக் குரங்குகளில் இதைவிட அரிய இனம் கிடையாது.

ஆகஸ்ட் 7

அண்ணாந்து பார்த்தே நடந்ததில் கழுத்து வலிக்கிறது. குரங்கைக் காணவில்லை, கூடுகள்தான். ஒராங்குட்டான் மாலைதோறும் கிளைகளை வளைத்து, ஒடித்து, புதுப் படுக்கை போட்டுக்கொள்ளும். முதல் கூட்டில் இலைகள் பச்சையாகவே இருந்தன. "படுத்து எழுந்து ரொம்ப நாளாகவில்லை, பாக்" என்றார் வழிகாட்டி. ('பாக்' என்றால் இங்கே 'ஐயா'.) அடுத்ததில் இலைகள் பழுப்பேறிச் சுருண்டிருந்தன. இன்னொன்றில் வெறும் சுள்ளி, இடுக்கில் வானம். கணக்கெடுப்பவர்களும் பெரும்பாலும் குரங்கை எண்ணுவதில்லை; கூடுகளை எண்ணி, அவை எத்தனை நாள் தாங்கும் என்று கணித்தே தொகையை மதிப்பிடுகிறார்கள்.

ஆகஸ்ட் 8

நாள் முழுக்க மழை. மாலையில் மின்வெட்டு. காப்பி மட்டும் அருமை.

ஆகஸ்ட் 9

காட்டோரத் தோட்டக்காரர் ஒருவர் தம் துரியான் மரத்தைக் காட்டினார். "பழுக்கும் முன்பே வந்து பிளந்து தின்றுவிடுகிறது" என்று அலுத்துக்கொண்டார். அவர் விரட்டுவதோடு சரி. எல்லாரும் அப்படியில்லை. 2013இல் மனிதர்களால் காயப்பட்டு இறந்த ஓர் ஆண் ஒராங்குட்டானின் எலும்புகளை ஆராய்ந்ததும் ஒரு சான்றாகி, 2017இல் இது தனி இனம் என்று அறிவித்தார்கள். செத்தவனை வைத்துப் பெயர் சூட்டியிருக்கிறோம்.

ஆகஸ்ட் 10

காடு ஏற்கெனவே மூன்று துண்டு. ஒரு பெண் எட்டு, ஒன்பது ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். ஆண்டுக்கு நூற்றில் ஒன்றுக்கு மேல் வளர்ந்தவை செத்தாலே இனம் அழிவை நோக்கிப் போகும் என்கிறார்கள். இந்த நிலையில் ஆற்றில் 510 மெகாவாட் நீர்மின் திட்டம். பசுமை மின்சாரமாம்! முந்தாநாள் இருட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு மின்சாரமே வேண்டாம் என்று சொல்ல வாயில்லை. ஆனால் துண்டுகளை மறுபடி இணைக்க வழியுள்ள இடத்தில்தானா அணை? ஓட்டுநரிடம் கேட்டேன்.

"அதை ஜகார்த்தாவில் கேளுங்கள், பாக்."