நிலத்தில இருந்து விளையாடிற வொலிபோல்

எங்கட மாமா இயக்கத்தில இருந்தவர். 2009 இல இடது கால் முழங்காலுக்குக் கீழ போட்டுது, புனர்வாழ்வு முடிஞ்சு வீட்டை வந்தாப் பிறகு கனகாலம் படலையைத் தாண்டினதே இல்லை. கோயில் திருவிழாவில வெடி கொளுத்தினா அறைக்கதவைச் சாத்திப்போடுவார், இரவில நித்திரை இல்லை, அம்மாதான் சாப்பாட்டைக் கதவடியில வச்சிட்டு வருவா. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனம், மருந்து கொஞ்சம் கேட்டது, ஆனா மனசில கிடக்கிறதைச் சொல்லுங்கோ எண்டு ஆரும் முன்னால வந்து இருந்தா மனுசன் வாயே திறக்கமாட்டார்.

பெடியனா இருக்கேக்க அவருக்கு ஓவர்கேம், அதுதான் எங்கட ஊர் வொலிபோல், எண்டா உயிர். அது தெரிஞ்ச ஒரு அண்ணை, அவருக்கும் ஒரு கால் இல்லை, ஒருநாள் வந்து வலுக்கட்டாயமா மோட்டச்சைக்கிள்ல ஏத்திக்கொண்டு போனார். இருந்துகொண்டு விளையாடிற வொலிபோல். கோர்ட் 10 மீற்றருக்கு 6, நெற் 1.15 மீற்றர் உயரம்தான், போல் அடிக்கேக்க குண்டி நிலத்தை விட்டு எழும்பினா பிழை, எதிராளின்ர சேர்விஸையே புளொக் பண்ணலாம்.

நான் போய்ப் பாத்த அண்டைக்கு வேலியோரம் பொய்க்காலெல்லாம் வரிசையா சாத்திக் கிடந்தது. வீட்டில எங்களுக்குக் கூட அந்தக் காலைக் காட்டாத மனுசன், அங்க காற்சட்டையோட மண்ணில அரைஞ்சு அரைஞ்சு போய் "என்ர, என்ர, விடு!" எண்டு கத்திக்கொண்டு இருக்கிறார். எனக்கு அழுகை வந்திட்டுது.

ஒரு சைட்டுக்கு ஆறு பேர் வேணும், அதிலதான் விசயமே இருக்கு எண்டு நினைக்கிறன். மாமா போகாட்டி நாலரைக்கே போன் வரும், எப்பிடி இருக்கிறாய் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை, "ஆள் காணாது, வெளிக்கிடு" எண்டுதான் சொல்லுவினம். முடிஞ்சு பிளேன்ரீ குடிக்கேக்க ஒராள் நித்திரை வராத கதையை எடுப்பார், பிறகு மற்றவர். மருந்தை மாமா விடேல்லை, விடவும் கூடாது, ஆனா எங்களுக்குச் சொல்லாததெல்லாம் அங்க சொல்லுறார்.

1948 இல இங்கிலாந்தில குட்மன் எண்ட டொக்டர் போரில காயப்பட்ட 16 பேரை வச்சு அம்பெறியிற போட்டி நடத்தினதிலதான் பிறகு பராலிம்பிக் வந்தது. 2014 இல லண்டனில காயப்பட்ட படையினருக்கெண்டு தொடங்கின இன்விக்டஸ் போட்டியிலயும் இந்த வொலிபோல் இருக்கு. டோக்கியோ பராலிம்பிக்கில ஈட்டி எறிஞ்சு தங்கம் எடுத்த தினேஷ் பிரியந்த ஹேரத் இலங்கை ஆமிக்காரர், சண்டையில கையில காயப்பட்டவர். அதை மாமா போனில ரெண்டு தரம் போட்டுப் பாத்தார், "நல்லா எறிஞ்சிருக்கிறான்" எண்டார், அவ்வளவுதான்.

என்ர மனவருத்தம் இயக்கத்தில இருந்த அக்காமார். அவைக்கும் கால் போனது, அவைக்கும்தான் நித்திரை இல்லை, ஆனா பின்னேரத்தில ஒரு பொம்பிளை கிறவுண்டில இருந்து விளையாட ஊர் விடுதே? பொம்பிளையளுக்கு நெற் 1.05 மீற்றர். போன கிழமை பாத்தன், நெற் கட்டுற கம்பில கொஞ்சம் கீழ புதுசா ஒரு ஆணி அடிச்சிருக்கு. மாமாதான் அளந்து அடிச்சவராம், ஒருத்தரும் இன்னும் வரேல்லை.